அமுக்கினா பிடிக்குது, விட்டா விட்டுடுது



சம்பா நடவு முடிஞ்சு முதல் களையும் எடுத்தாச்சு. மழை விட்டு விட்டுப் பெய்யறதால ரெண்டு நாளா வயல்ல கால் வைக்க முடியல. அதனால இந்தத் தடவை பயிரும் மாடும் இல்லாம ஒரு லேப்டாப்பைப் பத்தி எழுதறேன். "விவசாயி பிளாக்ல லேப்டாப்பா?"ன்னு கேட்கறவங்க கொஞ்சம் பொறுத்துப் படிங்க. பட்டணத்துல உங்க மேஜை மேல இருக்கற மெஷினுக்கும் இது என்னைக்காவது தேவைப்படும்.

எங்களுக்குப் பொன்னேரி பக்கம். எங்க தெருவுல முதல் லேப்டாப் நுழைஞ்சது 2011-க்கு அப்புறம், அரசாங்கம் பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு இலவசமா கொடுக்க ஆரம்பிச்சப்போதான். அன்னைக்கு அதைப் பார்க்கத் திண்ணையில கூட்டம் கூடும். இன்னைக்கு லேப்டாப் இல்லாம வேலைக்கு விண்ணப்பம்கூடப் போட முடியல. என் மகள் டிகிரி முடிச்சுட்டு ஒரு வருஷமா வேலை தேடினா. போன மாசம் ஒரு தனியார் கம்பெனியில வீட்டிலிருந்தே பார்க்கற வேலை கிடைச்சது. எங்க ஊர்ல மொட்டை மாடிக்குப் போனாத்தான் சிக்னல். அதனால பெரம்பூர்ல எங்க அக்கா வீட்டுல தங்கி வேலை பார்க்கட்டும்னு முடிவு.

கம்பெனி லேப்டாப் கொடுக்காது. சொந்த லேப்டாப்தான், அதுக்கு மூணு நிபந்தனை. விண்டோஸ் 11 இருக்கணும், டிபிஎம் 2.0 இருக்கணும், செக்யூர் பூட் ஆன்ல இருக்கணும். திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு அவங்க தூரத்துலேர்ந்தே மெஷினைச் சோதிப்பாங்க. தேறலைன்னா வேலையில சேர்க்கற தேதி தள்ளிப்போகும். எவ்வளவு தள்ளிப்போகும்னு கடிதத்துல இல்ல.

பட்டணத்துல ஒரு கடையில 22,000 ரூபாய்க்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருந்தோம். 2018 மாடல். விண்டோஸ் 10 போட்டே கொடுத்தாங்க. அந்த விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஓட மைக்ரோசாப்ட் ஆதரவு முடிஞ்சுபோச்சு. சரி, 11-க்கு ஏத்திக்கலாம்னு பாப்பா முயற்சி பண்ணினா. இந்த மெஷின்ல செக்யூர் பூட் வசதி இருக்கணும்னு சொல்லி நின்னுடுச்சு.

அன்னைக்கு ராத்திரி போன்ல சொன்னா: "அப்பா, உள்ள போய் ஆன் பண்றேன். சேவ் பண்ணவான்னு கேட்குது. ஆமான்னு கொடுக்கறேன். ரீஸ்டார்ட் ஆகுது. மறுபடி போய்ப் பார்த்தா ஆஃப்லதான் இருக்கு. அஞ்சு தடவை பண்ணிட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்கு எங்க மோட்டார் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. ஸ்டார்ட்டர்ல பச்சை பட்டனை அமுக்கினா மோட்டார் ஓடும், கையை எடுத்தா நின்னுடும். பிடிக்காது. புதுசா வர்றவங்க "மோட்டார் போச்சு"ன்னு நினைப்பாங்க. மோட்டார் நல்லாத்தான் இருக்கும், அதான் அமுக்கும்போது ஓடுதே. ஹோல்டிங் கான்டாக்ட் தேஞ்சிருக்கும், இல்ல காயில்ல வோல்டேஜ் பத்தாம இருக்கும். சில சமயம் பட்டனை அமுக்கினாலும் அசையாது. அப்போ மூணு ஃபேஸ்ல ஒண்ணு வராம பிரிவென்டர் தடுத்து வெச்சிருக்கும். அந்தத் தடுப்பு இல்லைன்னா ரெண்டு ஃபேஸ்ல ஓடி மோட்டார் காயில் கருகிடும். தொந்தரவு மாதிரி தெரியறது உண்மையில ஒரு காவல்.

வெள்ளிக்கிழமை பாப்பா மெஷினை அந்தப் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனா. ராத்திரி முழுக்க அங்கேயே வெச்சிருந்துட்டு, "போர்டுல மெமரி போயிடுச்சு. போர்டு மாத்தணும். 9,000 ரூபாய், ஒரு வாரம் ஆகும்"னு சொல்லிட்டாங்க. அவ வாங்கிட்டு வந்துட்டா. எங்ககிட்ட அதைச் சொல்லவே இல்ல. அக்காதான் சொன்னா. "புது லேப்டாப் 45,000 ஆகுமாம்டா. அப்பாகிட்ட கேட்க வேணாம் அத்தை, நவரைக்கு வெச்சிருக்கற பணத்தை எடுத்துடுவாரு, நான் இந்த வேலை வேணாம்னு மெயில் போட்டுடறேன்னு உட்கார்ந்திருக்கு பொண்ணு. நீ கிளம்பி வா."

சனிக்கிழமை காலை பொன்னேரியில ரயில் ஏறினேன். மீஞ்சூர், அத்திப்பட்டு தாண்டினா அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், அப்புறம் எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை. பேசின் பிரிட்ஜ்ல இறங்கி வண்டி மாறி, வியாசர்பாடி ஜீவா கழிச்சு பெரம்பூர். ஐசிஎஃப், லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ்னு அந்த வட்டாரமே ரயில்வே சோறு சாப்பிட்ட வட்டாரம். எங்க மாமாவும் அப்படித்தான். தெற்கு ரயில்வேயில சிக்னல் பிரிவுல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் கிடையாது. ஆனா எந்தப் பொருள் ஓடலைன்னாலும் அது ஏன் ஓடலைன்னு வரிசையா யோசிக்கற பழக்கம் அவருக்கு உண்டு.

டீ குடிச்சுகிட்டே சொன்னார்: "மச்சான், கேபின்ல லீவர் வரலைன்னா நாங்க லீவரைப் போட்டு இழுக்க மாட்டோம். எந்த லாக் பிடிச்சிருக்குன்னு பார்ப்போம். பாயின்ட் சரியா விழுந்து லாக் ஆகலைன்னா சிக்னல் லீவர் வராது. எதிர் ரூட்டுக்கு சிக்னல் கொடுத்திருந்தா வராது. கேட் மூடலைன்னா வராது. லீவர் கெட்டுப்போச்சுன்னு சொல்றது கடைசிப் பேச்சு. இதுவும் அந்த மாதிரி இன்டர்லாக்கா இருக்கும். முதல்ல ஒண்ணு சொல்லு. எல்லாமே சேவ் ஆகலையா, இது ஒண்ணு மட்டும்தான் சேவ் ஆகலையா?"

எங்க யாருக்குமே தோணாத கேள்வி அது. கடைக்காரங்களும் கேட்கல.

இந்த இடத்துல, செட்டிங் எல்லாம் மெஷினுக்குள்ள எங்கே உட்கார்ந்திருக்குன்னு சொல்லிடறேன். பாப்பா படிச்சுச் சொன்னது, நான் அப்புறம் தேடிப் படிச்சது எல்லாம் சேர்த்து.

பவர் பட்டனை அமுக்கினதும் விண்டோஸுக்கு முன்னாடி எழுந்திருக்கற ஒரு சின்ன மென்பொருள் போர்டுலயே இருக்கு. அதை பயாஸ்னு சொல்லிப் பழகிட்டோம். இப்போ வர்றதுக்கு யூஇஎஃப்ஐன்னு பேர். 1984-ல ஐபிஎம் விட்ட பிசி ஏடி கம்ப்யூட்டர்ல செட்டிங் எல்லாம் கடிகாரச் சிப்புக்குள்ளேயே இருந்தது. மொத்தம் 64 பைட். 14 கடிகாரத்துக்கு, மீதி 50 செட்டிங்குக்கு. கரன்ட் இல்லாதப்போ ஒரு பேட்டரி அதைக் காப்பாத்தும். பேட்டரி செத்தா கடிகாரமும் போச்சு, செட்டிங்கும் போச்சு. அதனாலதான் இன்னைக்கும் "செட்டிங் நிக்கல"ன்னு சொன்னா எல்லாரும் முதல்ல அந்த நாணயம் மாதிரி இருக்கற சிஆர்2032 பேட்டரியைத்தான் சந்தேகப்படறாங்க. அதுல 3 வோல்ட் இருக்கணும். மேஜைக் கம்ப்யூட்டர்னா அந்தச் சந்தேகம் நியாயம்தான். சின்னச் செலவுல மாத்திடலாம்.

இப்போ வர்ற மெஷின்ல கடிகாரம் தனி, செட்டிங் தனி. செக்யூர் பூட் மாதிரி விஷயமெல்லாம் போர்டுல இருக்கற ஃபிளாஷ் சிப்புல எழுதப்படுது. அதுக்கு பேட்டரி வேணாம். அதனால தேதி சரியா இருக்குன்னா கடிகாரம் உயிரோட இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். சிப்புல எழுத முடியுதா இல்லையான்னு தேதியை வெச்சுச் சொல்ல முடியாது.

அதனால ரெண்டு சோதனை பண்ணினோம். முதல்ல கடிகாரம். ராத்திரி முழுக்க சார்ஜர் இல்லாம அணைஞ்சு கிடந்த மெஷின், நேரம் அச்சு மாறாம காட்டுச்சு. அது சரி. அடுத்து, செக்யூர் பூட்டைத் தொடாம வேற ஏதாவது ஒரு சாதாரண செட்டிங்கை மாத்திப் பார்க்கணும். எஃப்12 பூட் மெனுன்னு ஒரு வரி இருந்தது, ஆஃப்ல இருந்தது. பாப்பா அதை ஆன் பண்ணி எஃப்10 அமுக்கி சேவ் பண்ணினா. ரீஸ்டார்ட் ஆச்சு. திரும்ப உள்ள போனோம்.

ஆன்லயே இருந்தது.

"அப்போ சிப்பு எழுதுது. போர்டு நல்லாத்தான் இருக்கு. இது ஒண்ணை மட்டும்தான் ஏதோ பிடிச்சு வெச்சிருக்கு"ன்னார் மாமா. 9,000 ரூபாய் வைத்தியம் வேணாம்னு தெரிஞ்சுக்க எங்களுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு.

செக்யூர் பூட்னா என்னன்னு மாமா கேட்டார். பாப்பா சொன்னது அவருக்குப் புரியல. நான் விதையை வெச்சுச் சொன்னேன். வேளாண்மை டெப்போவுல சான்று விதை வாங்கினா பையில நீல அட்டை கட்டியிருக்கும். ஆதார விதைன்னா வெள்ளை அட்டை, வல்லுநர் விதைன்னா மஞ்சள். பையைப் பிரிக்கறதுக்கு முன்னாடி அட்டையைப் பார்க்கணும். அட்டை இல்லைன்னா உள்ள என்ன ரகம், எவ்வளவு கலப்புன்னு முளைச்சு வளர்ந்த பிறகுதான் தெரியும், அப்போ பருவம் போயிருக்கும். செக்யூர் பூட்டும் இதே வேலைதான் செய்யுது. விண்டோஸை எழுப்பற நிரல்ல சரியான கையெழுத்து இருக்கான்னு பார்த்துட்டுத்தான் ஓட விடும். ஏத்துக்கலாம்ங்கற கையெழுத்துக்கு ஒரு பட்டியல், ஏத்துக்கக் கூடாதுங்கறதுக்கு ஒரு பட்டியல், ரெண்டும் சிப்புக்குள்ள இருக்கு. அந்தப் பட்டியலை யார் திருத்தலாம்னு தீர்மானிக்கற தலைமைச் சாவி ஒண்ணும் இருக்கு. பிளாட்ஃபார்ம் கீன்னு பேர். அந்தச் சாவி இல்லாத மெஷின்ல செக்யூர் பூட் நடக்காது. அட்டையில கையெழுத்துப் போடற அதிகாரியே இல்லாத ஊர்ல அட்டையைச் சோதிக்கறதுல அர்த்தம் இல்ல.

"ஓ, அப்போ அந்த அதிகாரி இருக்காரான்னு பாரு கண்ணு"ன்னாள் அக்கா, அடுப்படியிலேர்ந்தே.

பார்த்தோம். ரெண்டு பிடி இருந்தது.

முதல் பிடி: விண்டோஸே பழைய முறையில போடப்பட்டிருந்தது. ஸ்டார்ட் மெனுவுல எம்எஸ்இன்ஃபோ32-னு அடிச்சா ஒரு பக்கம் வரும். அதுல பயாஸ் மோட்ங்கற வரியில லெகஸின்னு காட்டுச்சு. செக்யூர் பூட்டுக்கு அது யூஇஎஃப்ஐன்னு இருக்கணும். பழைய முறை பூட்டுக்கு இடம் கொடுக்கற வசதிக்கு சிஎஸ்எம்னு பேர். அது ஆன்ல இருந்தா கையெழுத்து பார்க்காத வழி ஒண்ணு திறந்தே இருக்கும். வாசல்ல காவலும் போட்டு கொல்லைக் கதவையும் திறந்து வெச்சா காவலுக்கு என்ன மதிப்பு? அதனாலதான் ரெண்டும் ஒரே நேரத்துல ஆன் ஆக மெஷின் விடாது. சில கம்பெனி மெஷின்ல அந்த வரியே மங்கலா, தொட முடியாம இருக்கும். அப்படி இருந்தா தடைன்னாவது புரியும். எங்க மெஷின் ஆன் பண்ண விட்டுட்டு, சேவ் பண்ணவான்னும் கேட்டுட்டு, அடுத்த தடவை சத்தமில்லாம பழைய நிலைக்குப் போயிடுச்சு. காரணம் சொல்லாம மறுக்கறவங்களோட வேலை நடத்தறது மனுஷங்ககிட்டயும் கஷ்டம், மெஷின்கிட்டயும் கஷ்டம்.

ரெண்டாவது பிடி: செக்யூர் பூட் பக்கத்துல சிஸ்டம் மோட், செட்டப்னு போட்டிருந்தது. யூசர்னு இருக்கணும். செட்டப்னா தலைமைச் சாவி காலின்னு அர்த்தம். பழைய கை யாரோ அழிச்சிருக்காங்க.

மாமா ஒரு தாள்ல வரிசை போட்டார். எந்த லீவர் முதல்ல, எது அடுத்தது. ஒவ்வொண்ணா மாத்தணும், ஒவ்வொரு தடவையும் சேவ் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணி, நின்னுச்சான்னு பார்த்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும்னு கண்டிப்பா சொன்னார். மூணு விஷயத்தை ஒண்ணா மாத்தினா, தகராறு வந்தா எதால வந்ததுன்னு தெரியாது.

முதல் வேலை, பாப்பாவோட சர்டிபிகேட், போட்டோ, விண்ணப்பம் எல்லாத்தையும் பென்டிரைவ்ல எடுத்தோம். பிட்லாக்கர்னு டிஸ்க்கைப் பூட்டற வசதி ஆன்ல இருக்கான்னும் பார்த்தோம். இல்ல. இருந்திருந்தா அதைத் தற்காலிகமா நிறுத்தி, 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வெச்சுக்கணும். செக்யூர் பூட்டை மாத்தினா அந்த எண்ணைக் கேட்க வாய்ப்பு உண்டு. கையில இல்லைன்னா சொந்த வீட்டுக்கே வெளியில நிக்க வேண்டியதுதான்.

அடுத்து டிஸ்க். பழைய முறையில போட்ட டிஸ்க்கு எம்பிஆர்ங்கற அமைப்புல இருக்கும். புது முறைக்கு ஜிபிடி வேணும். இதை மாத்தாம சிஎஸ்எம்மை அணைச்சா விண்டோஸ் எழுந்திருக்காது. எல்லாத்தையும் அழிச்சு மறுபடி போடணும்னு பல பேர் சொல்லுவாங்க. வேணாம். விண்டோஸ் 10-லயே 2017-லேர்ந்து எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு கருவி இருக்கு. முதல்ல வேலிடேட்னு கொடுத்தா மாத்த முடியுமான்னு சோதிச்சு மட்டும் சொல்லும், எதையும் தொடாது. முடியும்னு சொன்னப்புறம் கன்வெர்ட். ஓடற விண்டோஸுக்குள்ளேர்ந்தே பண்ணும்போது அலவ் ஃபுல்ஓஎஸ்னு ஒரு வார்த்தையும் சேர்க்கணும். பாப்பா அடிச்சா. மூச்சைப் பிடிச்சுகிட்டு உட்கார்ந்திருந்தோம். சீக்கிரமே முடிஞ்சுடுச்சு.

அது முடிஞ்சதும் நேரா பயாஸுக்குள்ள போய் பூட் மோடை யூஇஎஃப்ஐக்கு மாத்தி சேவ். விண்டோஸ் எழுந்தது. எம்எஸ்இன்ஃபோ32 பார்த்தா யூஇஎஃப்ஐ. ஒரு பிடி விட்டது.

அடுத்து சாவி. ஃபேக்டரி சாவிகளைத் திரும்பப் போடற வரி மங்கலா இருந்தது. சில கம்பெனி மெஷின்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒண்ணு வெச்சாத்தான் அந்தப் பக்கமே உயிர் வரும். வீட்டுக்காரன் யாருன்னு தெரியாம சாவியை மாத்த விடக் கூடாதுல்ல. பாப்பா ஒரு பாஸ்வேர்டு வெச்சா, வரி எழுந்துச்சு. சாவியைப் போட்டோம். செட்டப்னு இருந்தது யூசர்னு மாறிச்சு. அப்புறம் செக்யூர் பூட் எனேபிள். எஃப்10.

ரீஸ்டார்ட் ஆச்சு. எஃப்2 அமுக்கி உள்ள போனோம். எனேபிள்ட். விண்டோஸுக்குள்ள போய்ப் பார்த்தோம். செக்யூர் பூட் ஸ்டேட், ஆன்.

"பிடிச்சுடுச்சுப்பா"ன்னா பாப்பா. அவளும் எங்க கொட்டகையில வளர்ந்தவதானே.

ஞாயிற்றுக்கிழமை விண்டோஸ் 11 ஏத்தினா. டிபிஎம் ஏற்கெனவே ஆன்லதான் இருந்தது. திங்கள் பத்து மணிக்கு கம்பெனியில சோதிச்சு, சரின்னு மெயில் போட்டாங்க. 9,000 செலவாகல, 45,000-மும் செலவாகல. நவரைப் பணம் நவரைக்கே இருக்கு. பாஸ்வேர்டை ஒரு சீட்டுல எழுதி அக்கா வீட்டு ரேஷன் கார்டு உறையில வெச்சிருக்கோம். பயாஸ் பாஸ்வேர்டு மறந்தா வர்ற தலைவலி, செக்யூர் பூட் தலைவலியை விடப் பெருசு.

இதுக்கு அப்புறம் ராத்திரியில தேடிப் படிச்சதுல ஒரு சம்பவம் என் மனசுல நின்னுடுச்சு. உண்மையாவே சிப்பு எழுத மறுத்த கதை அது.

2017 அக்டோபர்ல உபுண்டு 17.10-னு லினக்ஸ் பதிப்பு ஒண்ணு வந்தது. போட்டவங்கள்ல சில பேருக்கு விசித்திரமான நோய். பயாஸுக்குள்ள போய் எதை மாத்தினாலும் சேவ் ஆகற மாதிரி இருக்கும், ரீஸ்டார்ட் பண்ணினா பழையபடி. பென்டிரைவ்லேர்ந்தும் பூட் ஆகாது. லெனோவா, ஏசர், தோஷிபான்னு பல மாடல்ல வந்தது. காரணம், அந்த ஃபிளாஷ் சிப்புகிட்ட பேசற இன்டெல் எஸ்பிஐ டிரைவர். அது கெர்னல்ல ஓடினதால சிப்பு எழுதத் தடைங்கற நிலைக்குப் போயிடுச்சு. நல்லாத்தான் இருக்கற சிப்பு, மேல பூட்டு விழுந்த மாதிரி. டிசம்பர்ல அந்தப் பதிப்பை இறக்கறதையே நிறுத்தி வெச்சு, 2018 ஜனவரியில திருத்தின பதிப்பு விட்டாங்க. மாட்டினவங்களுக்கு மருந்தும் அதே வழியிலதான் வந்தது. திருத்தின கெர்னலைப் போட்டு ஓட விட்டா அது பூட்டை எடுத்து விடும். போர்டு மாத்தற அளவுக்குத் தெரிஞ்ச நோய், ஒரு மென்பொருள் திருத்தத்துல சரியாச்சு.

சிப்புக்கு அப்படி ஒரு பூட்டு எதுக்குன்னு கேட்டா, அதுக்கும் ஒரு கதை இருக்கு. 1998-ல தைவான் மாணவர் ஒருத்தர் எழுதின சிஐஹெச் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்னைக்கு உலகம் முழுக்க வெடிச்சது. ஹார்ட் டிஸ்க்கோட தலைப்பகுதியை அழிச்சதோட நிக்காம, சில போர்டுகள்ல பயாஸ் சிப்பையும் குப்பையால நிரப்பிடுச்சு. அதுக்கப்புறம் அந்த மெஷின் எழுந்தே இருக்காது. செர்னோபில் விபத்து நடந்ததும் ஏப்ரல் 26. அதனால செர்னோபில் வைரஸ்னும் பேர். யார் வேணா எழுதற மாதிரி சிப்பைத் திறந்து வைக்கக் கூடாதுன்னு உறைக்க வெச்சது இந்த மாதிரி அடிகள்தான். இன்னைக்கு நம்மைத் தடுக்கற பூட்டுகளுக்குப் பின்னாடி யாரோ ஒருத்தர் பட்ட நஷ்டம் இருக்கு. பிரிவென்டரும் அப்படித்தான், மாமாவோட கேபின் லாக்கும் அப்படித்தான்.

உங்க வீட்டுல இதே தொல்லை வந்தா இந்த வரிசையில கேளுங்க.

தேதி, நேரம் தப்பா இருக்கா? இருந்தா பேட்டரி. மாத்திட்டு அப்புறம் மத்தது.

நேரம் சரின்னா, சாதாரண செட்டிங் ஒண்ணை மாத்திப் பாருங்க. அதுவும் நிக்கலைன்னா சிப்பு எழுதல. தயாரிப்பாளர் தளத்துல அந்த மாடலுக்கு பயாஸ் அப்டேட் இருக்கான்னு பாருங்க. அப்டேட் போடும்போது சார்ஜர் மாட்டியே இருக்கணும், கரன்ட் போகற நேரத்துல அதைத் தொடாதீங்க.

அது நின்னு செக்யூர் பூட் மட்டும் நிக்கலைன்னா, பயாஸ் மோட் லெகஸியா, சிஎஸ்எம் ஆனா, டிஸ்க்கு எம்பிஆரா, சிஸ்டம் மோட் செட்டப்பா, பாஸ்வேர்டு கேட்குதான்னு ஒவ்வொண்ணா பாருங்க.

உள்ள நுழையும்போதே யாரோ வெச்ச பாஸ்வேர்டு கேட்டா, பழைய மெஷினை வித்தவங்ககிட்டயே திருப்பிக் கொண்டுபோங்க. அது பழைய முதலாளியோட பூட்டு. யூடியூப் பார்த்து உடைக்கற வேலை வேணாம். பழைய லேப்டாப் வாங்கும்போதே, பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி கடையிலயே பயாஸுக்குள்ள போய் ஒரு செட்டிங்கை மாத்தி, சேவ் பண்ணி, மறுபடி போய்ப் பாருங்க. மாடு வாங்கும்போது பல்லைப் பிடிச்சுப் பார்க்கறோம், நடக்க விட்டுப் பார்க்கறோம். 22,000 ரூபாய் பொருளுக்கு ரெண்டு நிமிஷம் பார்க்கறதுல தப்பில்ல.

கடைசியா ஒரு விஷயம். செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாப்ட் 2011-ல கொடுத்த சான்றிதழ்கள் 2026 ஜூன்லேர்ந்து ஒவ்வொண்ணா காலாவதி ஆகுது. புதுச் சான்றிதழ் விண்டோஸ் அப்டேட் வழியா வந்து அதே சிப்புலதான் எழுதப்படணும். அன்னைக்கு மெஷின் எழுந்திருக்காமப் போயிடாது, பயப்பட வேணாம். ஆனா பூட் ஆகற இடத்துக்கான பாதுகாப்புத் திருத்தம் அதுக்கப்புறம் வராது. விதைச் சான்றுக்கும் காலாவதி தேதி உண்டு, நாள் போனா மறு சோதனை பண்ணி மறு அட்டை கட்டுவாங்க. அதே கணக்குதான். அதனால அப்டேட்டைத் தள்ளித் தள்ளி வைக்காதீங்க. இந்த வாரமே எம்எஸ்இன்ஃபோ32 அடிச்சு அந்த ரெண்டு வரியை மட்டும் பாருங்க. பயாஸ் மோட், செக்யூர் பூட் ஸ்டேட்.

ஏதாவது சேவ் ஆகலைன்னா கோபப்பட்டு திரும்பத் திரும்ப எஃப்10-ஐ அமுக்காதீங்க. மாமா சொன்ன மாதிரி, லீவரை விட்டுட்டு லாக்கைத் தேடுங்க.

மழை வெறிச்சதும் ரெண்டாம் களையும் மேலுரமும் இருக்கு. அடுத்த பதிவு வயல்லேர்ந்துதான்.